பிச்சுவாவுக்குப் பக்கத்தில் எந்தக் கத்தி?

கேள்வி: பழைய பிச்சுவா, கட்டாரி, ஒரு குக்ரி (நேபாள வளைகத்தி) சேர்த்து வைத்திருக்கிறேன். இதோடு நவீன கத்திகள் மூன்று நான்கு வைக்க ஆசை. எதை வாங்கலாம் சார்? – வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: விலையைப் பார்த்து மயங்காதீர்கள். தனக்குப் பின்னால் வந்த கத்திகளையெல்லாம் மாற்றிவிட்ட கத்தி எது என்று பாருங்கள். அந்தக் கணக்கில் என் முதல் ஓட்டு ஸ்பைடர்கோ என்ற அமெரிக்கக் கம்பெனிக்கு. 1981-ல் வந்த அவர்களுடைய முதல் மடக்குக் கத்தியில் அலகிலேயே ஒரு வட்ட ஓட்டை, கட்டைவிரலை அதில் வைத்துத் தள்ளினால் ஒரே கையால் திறந்துவிடும், பக்கத்தில் பாக்கெட்டில் மாட்ட ஒரு கிளிப் வேறு. இன்று எத்தனையோ கம்பெனிகளின் மடக்குக் கத்திகளில் அந்தக் கிளிப் இருக்கிறது. பார்க்க அழகு என்று சொல்ல மாட்டேன்.

அழகுக்கு 1960-களின் பக் (Buck) 110 என்ற அமெரிக்க மடக்குக் கத்தி: இரு முனையிலும் பித்தளை, நடுவில் மரம், திறந்ததும் 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும். அப்புறம் பிரான்சின் மடக்குக் கத்தி ஓப்பினெல், 1890-லிருந்து வருகிறது, அலகைப் பூட்டும் வளையம் 1955-ல் சேர்ந்தது. சுவிஸ் ஆர்மி கத்தி செய்யும் விக்டோரினாக்ஸ்? சரி, அது இல்லாமலா.

ஓப்பினெல்லில் கார்பன் ஸ்டீலும் உண்டு. நம்ம பக்கத்து உப்புக் காற்றுக்கு அது சீக்கிரம் துருப்பிடிக்கும். துடைத்து லேசாக எண்ணெய் தடவி வையுங்கள், தோல் உறைக்குள் போட்டு மூடாதீர்கள், தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

இன்னொன்று, காசிமேட்டில் வஞ்சிரம் வெட்டுகிற கத்தி ஒன்றையும் கேட்டு வாங்கி வரிசையில் வையுங்கள். வெளிநாட்டுக்காரன் செய்தால்தான் சேகரிப்பா என்ன?