வாயை மட்டும் அசை – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

என் மகனுக்கு எட்டு வயது. இந்த மே மாதம் எங்கள் பகுதியில் நடந்த பத்து நாள் கோடை முகாமில் அவனைச் சேர்த்தேன். பாட்டு, ஓவியம், களிமண், பறை என நான்கு வகுப்புகள். தினமும் குதித்துக்கொண்டுதான் போனான். கடைசி நாள் மேடையில் முப்பது பிள்ளைகளும் சேர்ந்து பாடினார்கள். அன்று ராத்திரி, "அந்தப் பாட்டைப் பாடிக் காட்டுடா" என்றேன். "எனக்குத் தெரியாதுப்பா, சார் என்னை வாயை மட்டும் அசைக்கச் சொன்னாரு" என்றான். அவனுக்கு அதில் வருத்தமே இல்லை. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. ஆசிரியரிடம் கேட்டால், "சுருதி சேரலைங்க, மத்த பிள்ளைங்களையும் இழுத்துடறான்" என்கிறார். அவர் நன்றாகப் பாடுகிறவர். என் பையனுக்குச் சுருதி ஞானமே கிடையாதா? அவனுக்குப் பிடித்த களிமண்ணோடு நிறுத்திக்கொள்ளலாமா?

ஆர்., ஈரோடு

அன்புள்ள ஆர்.,

அந்த ஆசிரியர் சொன்னதை நானும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். இருபது வருடம் இருக்கும். கோடை முகாம்களில் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் இரட்டை ஜடை போட்ட ஒரு பெண், கணீரென்ற குரல். எல்லாரும் ஸ-வில் நின்றால் அவள் மட்டும் எங்கேயோ கீழே நிற்பாள். ஒன்பதாம் நாள் அவளைப் பின்வரிசைக்கு அனுப்பி, "மெதுவாப் பாடும்மா, இல்லேன்னா வாயசைச்சாலே போதும்" என்றேன். "சரி மிஸ்" என்று போய் நின்றுகொண்டாள். நிகழ்ச்சி சுத்தமாக முடிந்தது, கைதட்டலும் கிடைத்தது. ஆகவே உங்கள் ஆசிரியரைத் திட்டுகிற யோக்கியதை எனக்கில்லை.

களிமண் ஆசிரியருக்கு இந்தச் சோதனை வருவதில்லை, கவனித்தீர்களா? ஒரு பிள்ளை செய்த யானைக்குத் தும்பிக்கை கோணலாக இருந்தால் அது பக்கத்து யானையைக் கெடுப்பதில்லை. முப்பது யானைகளையும் மேசையில் வரிசையாக வைத்துவிடலாம். ஓவியமும் அப்படியே, சுவரில் இடம் இருந்தால் போதும். சேர்ந்து பாடும்போதுதான் ஒரு குரல் விலகினால் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவுக்கும் தெரிந்துவிடும். அந்த அரைமணி நேரத்தை எல்லாப் பெற்றோரும் போனில் படம் பிடிக்கப் போகிறார்கள், அடுத்த வருடச் சேர்க்கையும் அதைப் பொறுத்தது. அதனால் நாலாம் நாளே ஒத்திகை தொடங்கிவிடும். பத்து நாள் முகாம் என்று பெயர், சொல்லிக்கொடுப்பது மூன்றே நாள்.

சுருதிக்கு வருவோம். காது வேறு, தொண்டை வேறு. ஏழெட்டு வயதில் பல பிள்ளைகளுக்குக் காதில் சரியாகவே விழும், குரல்தான் அங்கே போய்ச் சேராது. பையனுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டை வேண்டுமென்றே தப்பாகப் பாடிப் பாருங்கள். "ஐய, அப்படி இல்லப்பா" என்று சிரித்தான் என்றால் காதில் பழுதில்லை.

இன்னொன்று, ஆசிரியர் ஆண். ஸ எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைக் கட்டைக் கணக்கில் சொல்வோம், எண் கூடினால் குரல் மேலே. ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையில் பாடுவார்கள், பெண்கள் ஐந்து, ஐந்தரையில். பிள்ளைகளுக்காக அவர் சுருதியை மாற்றிக்கொண்டாலும் அவருடைய குரல் அவர்களுடையதைவிட ஒரு ஸ்தாயி, அதாவது ஸ-விலிருந்து மேல் ஸ வரைக்குமான தூரம், கீழேதான் ஒலிக்கும். சில பிள்ளைகள் தாங்களாகவே அதை மேலே தூக்கிக்கொள்வார்கள். சிலர் சாரைப் போலவே பாட வேண்டும் என்று அடிக்குரலில் உறுமுவார்கள். சொன்னதை அப்படியே செய்யும் நல்ல பிள்ளைகள் அவர்கள்! உங்கள் மகன் அந்த ரகமாக இருக்கலாம். போதாக்குறைக்கு, மேலே மின்விசிறி ஓடும் கூடத்தில் முப்பது பிள்ளைகளுக்கு நடுவே ஒரு போனில் ஒலிக்கிற, சுருதி காட்டும் தம்பூரா யார் காதில் விழும்?

அப்புறம், கர்நாடக சங்கீதத்தில் முதல் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிற இந்தச் சரளி வரிசை. புரந்தரதாசர் (1484–1564) வகுத்ததாகச் சொல்லப்படுவது, ராகம் மாயாமாளவகௌளை. ஸ-வை ஒட்டிக்கொண்டு ரி, அங்கிருந்து க-வுக்கு ஒரு பெரிய தாவல், க-வை ஒட்டி ம. ப-விலிருந்து மேல் ஸ வரைக்கும் அதே இடைவெளிகள் திரும்ப வரும். பல வருடம் உட்கார்ந்து படிக்கப்போகிற பிள்ளைக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. பத்து நாளில் கலைந்துபோகிற கூட்டத்துக்கு அது ஒத்துவராது என்பது என் கட்சி. வித்வான்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

ஹங்கேரி இசையமைப்பாளர் சோல்தான் கோடாய் (1882–1967) வழியில் சொல்லிக்கொடுப்பவர்கள் சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் இரண்டே ஸ்வரம்தான் தருவார்கள். நம் கணக்கில் ப, அதிலிருந்து இறங்கி அந்தர காந்தாரம், அதாவது சரளி வரிசையில் வருகிற அதே க. தெருக்கோடியில் நிற்கிற கூட்டாளியைப் பிள்ளைகள் இழுத்துக் கூப்பிடுவதைக் கேட்டுப் பாருங்கள், பெயரின் கடைசி எழுத்து கிட்டத்தட்ட அந்த இறக்கத்தில்தான் வந்து விழும். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

நான் அந்தப் பெண்ணை வாயசைக்கச் சொன்னதற்கு அடுத்த வருடம், வேறோர் ஊர் முகாமில், வயதான டீச்சர் ஒருவருக்கு உதவியாக இருந்தேன். முதல் நாள் அவர் சுருதிப் பெட்டியைப் பைக்குள்ளிருந்து எடுக்கவே இல்லை. பிள்ளைகளை மைதானத்தின் இரண்டு மூலைகளிலும் நிற்கவைத்து, ஒருவர் பெயரை ஒருவர் கூப்பிடச் சொன்னார். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நாற்பது பக்க நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு எண் எழுதினார். 4, 5½, 3. யார் எந்தக் கட்டையில் கூப்பிடுகிறார்கள் என்ற கணக்கு. மறுநாள் சேராத பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்து, "நீ கூப்பிடு, நான் அங்க வரேன்" என்று அவர்கள் நிற்கிற இடத்துக்கே இறங்கிப்போய்க் கூடப் பாடினார். தன் குரலும் டீச்சர் குரலும் ஒன்றாகிற அந்த நொடியில் பிள்ளையின் முகம் மாறும். பலருக்கு அது முதல் தடவை. அப்புறம் தினமும் அரைக் கட்டை மேலே. கடைசி நாளிலும் இரண்டு பேர் சேரவில்லை. அவர்களையும் முன்வரிசையிலேயே நிறுத்தினார். அமைப்பாளர் முகத்தைச் சுளித்தார். டீச்சர், "இருக்கட்டுமே" என்றதோடு சரி.

களிமண்ணோடு நிறுத்த வேண்டாம். அதுவும் இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும். அடுத்த மே மாதம் முகாமில் சேர்க்குமுன், ஒத்திகை எத்தனையாம் நாள் தொடங்கும் என்று மட்டும் விசாரியுங்கள். அதுவரை, கலை பண்பாட்டுத் துறை நடத்தும் ஜவகர் சிறுவர் மன்றத்தில் கேட்டுப் பாருங்கள். 5 முதல் 16 வயது வரை சேர்க்கிறார்கள், வார இறுதி வகுப்புகள், கட்டணமும் பெரிதாக இருக்காது. வாரம் இரண்டு நாள் என்று வருடம் முழுக்கப் போகிற இடத்தில், கடைசி நாளை நினைத்து யாரும் பதற வேண்டியதில்லை.

வீட்டிலேயே ஒன்று செய்யலாம். பையன் மொட்டை மாடியில் நின்று யாரையாவது கத்திக் கூப்பிடும்போது அவனுக்குத் தெரியாமல் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். கீபோர்டு இருக்கிற யாரிடமாவது கொடுத்து, அது எந்தக் கட்டை என்று பாருங்கள். எனக்கும் அனுப்புங்கள், கேட்க ஆசையாக இருக்கிறது.