பூநகரியில் கிணறு வெட்டும்போது வெள்ளைக்கல்லுக்குள் சங்கும் சிப்பியும் வருகின்றன. இவை உயிர்ச்சுவடுகளா, என்ன செய்வது?

கேட்டவர் சொல்வது இது: இலங்கையின் வடக்கே பூநகரிப் பக்கம் காணியில் கிணறு வெட்ட, 18 அடிக்குக் கீழே வெள்ளைக்கல் வந்திருக்கிறது. அதற்குள் சங்கு வடிவில் வெறுங்குழிகள், கூடவே சிப்பி ஓடுகள். இவை உயிர்ச்சுவடா, காபன் பரிசோதனைக்கு எங்கே கொடுப்பது, அசிட் போட்டுக் கழுவலாமா, வன்னியில் டைனோசர் எலும்பும் வருமா என்று நான்கு கேள்விகள்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அசிட் வேண்டாம். தண்ணீரிலும் இப்போதைக்குக் கழுவ வேண்டாம். எந்தக் கல் எத்தனை அடியில் வந்தது என்பதை வேலை செய்தவர்களிடம் இன்றைக்கே கேட்டு எழுதிவிடுங்கள். நாலு நாள் போனால் அவர்களுக்கும் மறந்துவிடும். ஆழம் தெரிந்த ஓர் உடைந்த சிப்பி, ஆழம் தெரியாத ஒரு சாக்குச் சங்கைவிட ஆய்வுக்குப் பெறுமதியானது.

ஆழத்தை எழுதுவதிலேயே பிழை வரும். கிணற்றுக் கட்டிலிருந்து அளக்காதீர்கள். கட்டு பிறகு உயரும், இடியும். பழைய தரை மட்டத்திலிருந்து அளவுநாடாவை விடுங்கள். இன்னும் வெட்டுவதாக இருந்தால், 2 அடிக்கு ஒரு குவியலாக மண்ணைத் தனித்தனியே கொட்டச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டினால் மேல்மண் குவியலின் அடியிலும், ஆழத்துக் கல் உச்சியிலுமாகத் தலைகீழாகிவிடும். அடுத்த மழைக்குச் சரிந்தால் அதுவும் குழம்பும். துண்டுச் சீட்டைப் பென்சிலால் எழுதிக் கல்லோடு பைக்குள் போடுங்கள். பேனை ஈரத்தில் கரையும், பையின் வெளியே மாக்கரால் எழுதியது உரசி அழியும். அதே இலக்கத்தைக் கல்லின் உடைந்த பக்கத்திலும் எழுதினால் சீட்டுத் தொலைந்தாலும் பயமில்லை. இடத்தின் அகலாங்கு நெட்டாங்கைக் கைத்தொலைபேசியில் பார்த்து, தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கம் வரை குறியுங்கள். குழாய்க்கிணற்றுத் தூளை இந்த அளவுக்கு நம்ப முடியாது. துளையின் மேற்சுவரிலிருந்து உதிர்வதும் அடியிலிருந்து வருவதும் கலந்தே மேலே வரும்.

இனி, அது என்ன கல்? புத்தளம் பக்கமிருந்து மன்னார் வழியாக முல்லைத்தீவு நோக்கிச் சரிவாக ஒரு கோடு போட்டால், கோட்டுக்குக் கடற்பக்கம் மயோசீன் காலச் சுண்ணக்கல், உட்பக்கம் பழைய கருங்கல். பூநகரி கடற்பக்கம். யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் தெரிகிற அதே சுண்ணக்கல்தான் இங்கும் கீழே கிடக்கிறது. அதில் உள்ள நுண்ணுயிர் ஓடுகளை வைத்துப் பார்த்தால் பெரும்பகுதி ஏறத்தாழ 1 கோடியே 60 இலட்சம் முதல் 2 கோடி ஆண்டுப் பழமை. எனவே கல்லுக்குள் இறுகியிருப்பவை உயிர்ச்சுவடுகளே. ஒரு விலக்கு உண்டு. கரையோரத்தில் மேல்மண்ணிலும் களியிலும் உதிரியாக, மினுக்கமும் நிறமும் மாறாமல் வருகிற சிப்பிகள் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் சற்று உயர்ந்திருந்தபோது தங்கியவையாக இருக்கலாம். மனிதர் தின்று போட்டவையாகவும் இருக்கலாம். அவற்றை வெள்ளைக்கல் சிப்பியோடு ஒரே பையில் போடாதீர்கள்.

சங்கு ஏன் வெறுங்குழியாகவும் சிப்பி ஓட்டோடும் வருகிறது? இரண்டும் கல்சியம் காபனேற்றுத்தான். பளிங்கு அமைப்புத்தான் வேறு. சங்கு, நத்தை, முருகைக்கல் எல்லாம் அரகனைட். மழைநீர் பாறைக்குள் இறங்க அது கரைந்து போய், வெளி வடிவம் மட்டும் குழியாக நிற்கும். ஊரிச் சிப்பியும் விசிறிச் சிப்பியும் கல்சைட். அவ்வளவு இலேசில் கரையாது. ஆகவே குழியை ‘உடைந்த சங்கு’ என்று எறிந்துவிடாதீர்கள். உள்ளே தடவிப் பார்த்தால் வரிகளும் முடிச்சுகளும் அப்படியே பதிந்திருக்கும், இனத்தைச் சொல்வது அந்த வரிகள்தான். ஆழமில்லாத குழி என்றால் சவர்க்காரத் தண்ணீர் பூசிவிட்டுப் பிள்ளைகளின் பிளாஸ்ரிசினை அழுத்தி வார்ப்பு எடுக்கலாம். சுருள் உள்ளே போகிற குழிக்கு அது சரிவராது, பாதியில் அறுந்து உள்ளே தங்கிவிடும். அதற்குச் சிலிக்கோன் இறப்பர் வேண்டும்.

ஆனால் இந்தக் கல்லில் எனக்குச் சங்கைவிடப் பெரிதாகப் படுவது, வெறுங்கண்ணுக்குச் சட்டென்று தெரியாத ஒன்று. கைப்பிடி அளவு துண்டைப் புதிதாக உடையுங்கள் (கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு), உடைந்த முகத்தை நனைத்து, 10 மடங்கு பெருக்கும் கைவில்லையைக் கண்ணோடு ஒட்டி வைத்து, கல்லைக் கிட்டக் கொண்டுவாருங்கள். குட்டிக் காசு போல, சில மில்லிமீற்றர் அகலத்தில் வட்டங்கள் தெரிந்தால், வட்டத்துக்குள் அடுக்கடுக்காகச் சிற்றறைகள் தெரிந்தால், அவை பொரமினிபெரா. ஒற்றைக்கல உயிரின் ஓடு. யாழ்ப்பாணச் சுண்ணக்கல்லில் பேர்போனது தபெரினா மலபாரிக்கா. இப்போது பலர் சூடோதபெரினா என்கிறார்கள். பெயரிலேயே மலபார் இருக்கிறது, கேரளத்துக் கொல்லம் சுண்ணக்கல்லிலும் இதே உயிர்தான். அந்தக் கொல்லம் கல்லை ஆராய்ந்து 2011இல் வந்த கட்டுரை, அது கடற்புல் வெளியின் அடியில் படிந்தது என்று காட்டியது. கடற்புல் எளிதில் கல்லாகாது, அழுகிப் போய்விடும். அதன் இலையில் ஒட்டி வாழ்ந்தவை, அதன் நடுவே மேய்ந்தவை, அவற்றின் ஓடுகள் சேர்ந்து கிடக்கிற விதத்தை வைத்துத்தான் புல் இருந்ததைச் சொல்கிறார்கள். இன்றைக்கும் பாக்கு நீரிணையில் ஆவுளியா மேய்கிற கடற்புல்லை நினைத்துப் பாருங்கள். உங்கள் கிணற்றடியும் அப்படி ஒரு புல்வெளியாக இருந்ததா என்பதை ஆழவாரியாக எடுத்த துண்டுகள்தான் சொல்லும்.

அசிட் கதைக்கு வருவோம். ஓடும் காபனேற்று, சுற்றியுள்ள கல்லும் காபனேற்று. அசிட்டுக்கு வித்தியாசம் தெரியாது, இரண்டையும் சேர்த்துத் தின்னும். வீடியோக்களில் அசிட்டில் ஊறவைத்து எடுப்பவர்கள் எலும்பு, சுறாப்பல் போன்ற பொசுபேற்றுப் பொருள்களை எடுக்கிறார்கள். அதுவும் 5 முதல் 10 வீத அசற்றிக் அமிலத்தில், கல்சியம் பொசுபேற்றுச் சேர்த்து, மெல்ல மெல்லச் செய்வது. பிறகு ஊறிய நேரத்தைவிடப் பல மடங்கு நேரம் தண்ணீரில் கழுவ வேண்டும். கழுவாவிட்டால் காய்ந்ததும் உப்பு பூத்துப் பல் வெடிக்கும். வீட்டில் அசிட்டுக்கு ஒரே ஒரு வேலைதான்: சுண்ணக்கல்லா என்று பார்க்க ஒரு மூலையில் ஒரு சொட்டு வினாகிரி. நுரைத்தால் சுண்ணக்கல். தேசிக்காய்ப் புளியும் போதும், கொஞ்சம் சோம்பலாக நுரைக்கும்.

ஓடுகளைத் துப்புரவாக்கப் பழைய பல்துலக்கும் தூரிகை, மூங்கில் குச்சி, நல்ல தண்ணீர் போதும். ஊசி எடுத்தால் ஓட்டில் கீறல் விழும். வார்னிஷும் வெள்ளைப் பசையும் பூசாதீர்கள். மஞ்சளாகி உரியும், ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும், ஆய்வுகூடத்தில் அதை எடுக்கவே ஒரு நாள் போகும். எலும்பு மாதிரி ஏதும் வந்தால் வெயிலில் காயவிடாமல், ஈரத் துணி சுற்றி நிழலில் வையுங்கள். உவர்நீரில் கிடந்த எலும்பு விறுவிறுவென்று காய்ந்தால் உள்ளே உப்புப் படிந்து தூளாகும்.

கல்லுக்கு நடுவே சுண்ணாம்புக் களி வந்தால் விடாதீர்கள். அரைக் கிலோ எடுத்து முதலில் நன்றாகக் காயவிடுங்கள். பச்சைக் களியைத் தண்ணீரில் போட்டால் உருண்டையாகவே நிற்கும். காய்ந்ததைப் போட்டால் தானாகப் பிரியும். கொதித்து ஆறிய 2 லீற்றர் தண்ணீரில், ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா கலந்து, இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் கையால் நசிக்காமல் கலக்கி, 20 விநாடி பொறுத்து, மேலே நிற்கும் பால் நிறத் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடுங்கள். பத்துப் பதினைந்து தரம் இப்படிச் செய்ய, தண்ணீர் தெளிந்து அடியில் ஒரு பிடி மணல் மிஞ்சும். காயவைத்துக் கறுப்புக் கடதாசியில் பரப்பினால் பாதி ஓடுகளாகவே இருக்கும். 20 விநாடி பொறுக்காமல் ஊற்றுகிறவர்கள் நல்லதையெல்லாம் வாய்க்காலில் விடுகிறார்கள். அடுத்த மாதிரிக்கு வாளியைத் தேய்த்துக் கழுவுங்கள். முந்திய ஆழத்து ஓடு ஒன்று ஒட்டியிருந்தால் வயது குழம்பும்.

காபன் பரிசோதனை இதற்கு ஆகாது. கதிரியக்கக் காபன் ஏறத்தாழ 50000 ஆண்டுகளோடு தீர்ந்துவிடும். காசு கட்டிக் கொடுத்தால் ஒரு விடை வரத்தான் செய்யும். நிலத்தடி நீர் கொண்டுவந்த புதுக் காபன் துளி கலந்து ‘40000 ஆண்டு’ என்று வரும். அது பொய் வயது. மயோசீன் ஓட்டுக்கு ஸ்ரொன்சியம் சமதானி முறை (ஒரே மூலகத்தின் வேறுவேறு எடையுள்ள அணுக்களின் விகிதத்தைப் பார்ப்பது) பொருந்தும். அந்தக் காலம் முழுக்கக் கடல்நீரில் ஸ்ரொன்சியம் 87க்கும் 86க்கும் இடையிலான விகிதம் தொடர்ந்து ஏறிக்கொண்டே இருந்தது, ஓடு வளரும்போது அன்றைய விகிதத்தையே வாங்கி வைத்திருக்கும். அதற்குச் சில மில்லிகிராம் கெடாத கல்சைட் வேண்டும். உங்கள் ஊரிச் சிப்பியை அசிட்டில் போட வேண்டாம் என்றதற்கு இதுவும் காரணம்.

டைனோசர்? வவுனியா, ஓமந்தைப் பக்கத்துக் கருங்கல்லில் தேடிப் பயனில்லை. புவிச்சரிதவியலாளர் ‘வன்னித் தொகுதி’ என்று உலகெங்கும் எழுதும் பாறை அது. பெயர் நம்முடையது, பாறை குருநாகல் வரை போகிறது. டைனோசர் வர வெகு காலம் முன்பே, 50 கோடி ஆண்டுகளுக்கு அப்பால், நிலத்தின் ஆழத்தில் 700 பாகை செல்சியசுக்கு மேல் வெந்து உருமாறியது. மயோசீன் சுண்ணக்கல்லோ டைனோசர் அழிந்து 4 கோடி ஆண்டுக்கு மேல் கழிந்த பிறகு படிந்தது. டைனோசர் காலப் பாறை புத்தளம் மாவட்டத்தில் தப்போவ, ஆண்டிகம பக்கம் சிறு துண்டுகளாக உண்டு, யுராசிக் காலம். அங்கே பேசப்படுவது பன்னமும் சைக்கசும் ஊசியிலை மரமும். மன்னார்க் கடலடியிலும் டைனோசர் காலத்தின் கடைசிப் பகுதியான கிரேத்தேசியப் படிவுகள் உண்டு, எரிவாயு தேடித் துளைத்த கிணறுகளில்தான் அவற்றைப் பார்க்கலாம்.

கருங்கல் பிளவில் பன்னம் அச்சடித்தது போல் கறுப்புக் கிளைகள் வந்தால் அது மாங்கனீசு ஒட்சைட்டு. தண்ணீர் ஊறி வரைந்த கோலம். ஏமாந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. மத்தியப் பிரதேசத்தில் பீம்பேட்கா குகைக் கூரையில் 55 கோடி ஆண்டுப் பழைய டிக்கின்சோனியா (மெல்லுடல் கொண்ட பண்டைய உயிர்) என்று 2021இல் ஆய்வுக் கட்டுரையே வந்தது. வேறொரு குழு போய்ப் பார்த்தபோது அது உரிந்துகொண்டிருந்தது. மலைத்தேனீக் கூட்டின் மிச்சம் என்று 2023இல் எழுதினார்கள், முதலில் எழுதியவர்களும் ஒப்புக்கொண்டார்கள். 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ‘டைனோசர் முட்டை’ என்று ஊரே கூடிய உருண்டைகளும் கடற்படிவு திரண்டவைதான்.

செம்மண்ணும் கிறவலும் வேறு கணக்கு. அதற்கு ‘இரணைமடுப் படிவு’ என்றே பெயர். அங்கே தேட வேண்டியது எலும்பல்ல, குவாட்சுக் கல்லிலும் சேட் கல்லிலும் செய்த கருவி. தெற்கே புந்தல பக்கம் இதே வகைப் படிவில் ஏறத்தாழ 28000 ஆண்டுப் பழைய நுண்கற்கருவிகள் கிடைத்தன. வன்னிக் கிறவல் கிடங்குகள் வீதிக்குப் போய்க்கொண்டே இருக்கின்றன, பார்ப்பார் இல்லை. ஆனால் கருவி என்று தெரிந்தால் தோண்டாதீர்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேண்டும். மண்ணின் வயதைப் பார்க்க ஒளி படாத மாதிரியும் வேண்டும், கிண்டிய சுவரில் அது கெட்டுவிடும்.

இரண்டு இடத்தில் மண்வெட்டியை உடனே கீழே வைக்க வேண்டும். துருப்பிடித்த உலோகம், வயர், பிளாஸ்ரிக் மூடி எது வந்தாலும் தொடாமல் வந்த வழியே திரும்பி 119க்கு அழையுங்கள். மிதிவெடி அகற்றாத காணியில் கல் பொறுக்கவே போகாதீர்கள். மனித எலும்பு, துணி, பொத்தான் வந்தால் அது தொல்லுயிரியல் அல்ல. 2023இல் முல்லைத்தீவு கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய் பதிக்கத் தோண்டியபோது வந்தது மனிதப் புதைகுழி. ஓர் எலும்பையும் அசைக்காமல் பொலிஸுக்கு அறிவியுங்கள். நீதவான் உத்தரவோடுதான் அடுத்த வேலை.

உங்கள் சிப்பிகளை அடையாளம் காணப் பேராதனைப் பல்கலைக்கழகப் புவிச்சரிதவியல் துறைக்கு எழுதிப் பாருங்கள். படம் எடுக்கும்போது அடிமட்டத்தைப் பக்கத்தில் வையுங்கள், வெயில் ஒரு பக்கமாகச் சரிந்து விழும் காலை நேரத்தில் எடுங்கள். உச்சி வெயிலில் வரிகள் தட்டையாகிவிடும். ஆழம் எழுதிய சீட்டும் படத்துக்குள் தெரியட்டும்.