ஆற்றோர நடை, அருவி, அன்றே திரும்புதல்: கேள்வி பதில்

ஆற்றை ஒட்டிய பாதையில் நடந்து, அருவியைப் பார்த்துவிட்டு, அன்று மாலையே திரும்புகிற ஒரு நாள் பயணத்தைப் பற்றிக் கேட்கலாம் என்று அறிவித்திருந்தேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சிறு குழுக்களை இத்தகைய பாதைகளில் அழைத்துச் செல்பவன் என்ற தகுதி மட்டுமே எனக்கு உண்டு. வந்த கேள்விகளில் ஏறக்குறைய பாதி குளிப்பதைப் பற்றியவையாக இருந்ததால், ஒரே பதிலை மூன்று இடங்களில் படிக்க நேர்ந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

கேள்வி: ஐயா, நாங்கள் போகவிருக்கும் பூங்காவில் அருவி வரை ஏழு கிலோமீட்டர் என்று பலகை வைத்திருக்கிறார்கள். பாதை முழுவதும் இறக்கம்தான், 450 மீட்டர் இறங்க வேண்டும். பத்து மணிக்குக் கிளம்பினால் போதுமா?

பதில்: "இறக்கம்தான்" என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. மலையேறும்போது களைத்தவர் எந்த இடத்திலும் திரும்பிவிடலாம், திரும்பும் வழி இறக்கமாக இருக்கும். அருவிப் பள்ளத்தாக்கில் இது தலைகீழாகிறது. புத்துணர்ச்சியோடு இருக்கும் காலையில் இறங்கிவிட்டு, கால் ஓய்ந்த பிற்பகலில் ஏற வேண்டியிருக்கிறது.

ஆகவே, எப்போது கிளம்புவது என்பதை விட்டுவிட்டு, அருவியை விட்டு எப்போது புறப்பட வேண்டும் என்பதை முதலில் கணக்கிடுங்கள். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-ஆம் ஆண்டில் சொன்ன விதி இன்றும் பயன்படுகிறது. சமதள நடைக்கு ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதற்குமேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம் என்பது அதன் சாரம். உங்கள் திரும்பு நடைக்கு இது ஏறத்தாழ இரண்டு மணி பத்து நிமிடம் ஆகிறது. ஆனால் அவர் நல்ல பாதையில் நடக்கும் திடமான ஆளை மனத்தில் வைத்துச் சொன்னார். வேரும் உருளைக்கல்லும் சேறும் நிறைந்த ஆற்றோரப் பாதைக்கு நான் இதை ஒன்றரை மடங்காக்குவது வழக்கம், அப்போது மூன்றேகால் மணி நேரம் வரும்.

ஆறு மணிக்குச் சூரியன் மறையும் என்று வைத்துக்கொண்டால், ஐந்து மணிக்கு நீங்கள் வண்டியருகே நிற்க வேண்டும். அதாவது பிற்பகல் 1.45 மணிக்கு அருவியை விட்டுக் கிளம்பியாக வேண்டும். பத்து மணிக்கு நடக்கத் தொடங்கினால் இறங்குவதற்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலாகும், அருவியருகே ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒருவர் கால் பிசகினாலோ மழை பிடித்தாலோ அதில் ஈடுகொடுக்க இடமே இல்லை. எட்டு மணிக்குக் கிளம்புங்கள்.

பள்ளத்தாக்கில் இருட்டு நாட்காட்டியில் போட்டிருக்கும் நேரத்துக்குக் காத்திருப்பதில்லை என்பதையும் மறக்க வேண்டாம். ஒருமுறை நான் அருவியருகே முக்கால் மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்துவிட்டேன். எதிர்க்கரை உச்சியில் வெயில் மஞ்சளாக நின்றுகொண்டிருக்க, கீழே என் காலடியில் வேர் எது, நிழல் எது என்று பிரித்தறிய முடியவில்லை. அன்றிலிருந்து தலையில் மாட்டும் விளக்கு இல்லாமல் பகல் நடைக்குக்கூட நான் போவதில்லை.

கேள்வி: அருவியின் அடியில் உள்ள கசத்தில் குளிக்கலாமா?

பதில்: நீர் விழும் இடத்தில் கூடாது. அங்கே வெண்ணுரையாகத் தெரிவது பாதி காற்று, அதனால் நல்ல நீர் உங்களைத் தூக்கிப் பிடிப்பதுபோல் அது பிடிக்காது. விழுந்த நீர் அடிவரை சென்று, அங்கிருந்து எழுந்து, மேற்பரப்பில் மீண்டும் அருவியை நோக்கியே சுழன்று வருவதும் உண்டு, அதில் சிக்கியவர் கரைப்பக்கம் நீந்தினாலும் உள்ளே இழுபடுவார். மேலிருந்து நீர் மட்டும் வருவதில்லை என்பதும் கணக்கில் இருக்கட்டும். இருபது மீட்டர் உயரத்திலிருந்து விழும் கல், உங்கள் தலையை அடையும்போது மணிக்கு எழுபது கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். பூங்கா நிர்வாகம் அனுமதித்திருந்தால், அருவியிலிருந்து தள்ளி, தரை கண்ணுக்குத் தெரிகிற, இடுப்பளவு ஆழமுள்ள, ஓட்டம் மெதுவான இடத்தில் இறங்கலாம்.

கேள்வி: மழைக்காலத்தில்தான் அருவி அழகு என்கிறார்கள். அன்று வானம் தெளிவாக இருந்தால் போகலாம் அல்லவா?

பதில்: உங்கள் தலைக்கு மேலுள்ள வானத்தை மட்டும் பார்க்கிறீர்கள். உங்கள் முன் ஓடும் நீர், நீங்கள் பார்க்க முடியாத ஏதோ ஒரு மலைச்சரிவில், சில மணி நேரத்துக்கு முன் பெய்த மழையாக இருக்கலாம். ஆகையால் நீங்கள் நிற்கும் இடத்தின் வானிலை அறிவிப்போடு, ஆறு பிறந்து வரும் மேட்டுப் பகுதியின் அறிவிப்பையும் பாருங்கள். மேலே அணை இருந்தால், தண்ணீர் திறந்துவிடும் நேரத்தை நுழைவாயிலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கரையில் உட்கார்ந்ததும் நான் செய்யும் முதல் வேலை, நீர் தொடும் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவைப்பதுதான். கால் மணிக்கு ஒருமுறை அதைப் பார்ப்பேன். விளிம்பில் நின்ற குச்சி இரண்டு விரல் உள்ளே போயிருந்தால் யாரையும் கலந்தாலோசிக்காமல் எல்லோரையும் எழுப்பிவிடுவேன். தெளிந்த நீர் திடீரெனக் கலங்குவது, சருகும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வருவது, ஆற்றின் ஓசை கனத்துப் போவது ஆகியவையும் அதே செய்திதான். அப்போது பாதை வழியே கீழ்நோக்கி ஓடாதீர்கள், வெள்ளம் உங்களைவிட வேகமாக ஓடும். பக்கவாட்டில் மேட்டில் ஏறுங்கள்.

கேள்வி: எந்தக் கேமரா வாங்கலாம்?

பதில்: இது என் துறை அன்று, புகைப்படக்காரர்களிடம் கேளுங்கள். எது வாங்கினாலும் முக்காலி வைத்து, மேகம் மூடிய காலையில், அரை நொடி அளவுக்கு ஷட்டரைத் திறந்து வைத்தால் நீர் பட்டுப்போல் வரும். படம் எடுக்கும்போது பின்னால் அடியெடுத்து வைக்காதீர்கள்.

கேள்வி: வழியில் ஒரு கிளையாற்றைக் கடக்க வேண்டியிருக்கிறது, பாலம் இல்லை. எப்படிக் கடப்பது?

பதில்: முதலில், கடக்கலாமா என்று பாருங்கள். ஒரு குச்சியை நீரில் எறிந்து, கரையோரமாக அதோடு சேர்ந்து நடங்கள். உங்கள் நடையை அது முந்தினால் இறங்க வேண்டாம். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது உங்களைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது, அதனால்தான் நேற்று கடந்த அதே முழங்கால் ஆழம் இன்று ஆளைச் சாய்த்துவிடுகிறது. தொடை அளவு ஆழமென்றால், ஓட்டம் மெதுவாகத் தெரிந்தாலும் திரும்பிவிடுங்கள். கடக்கும் இடத்துக்குக் கீழே பாய்ச்சலோ அருவியோ இருந்தால் எந்த ஆழத்திலும் கடக்கக் கூடாது. குறுகிய இடம் எளிதாகத் தோன்றும், ஆனால் ஆழமும் வேகமும் அங்கேதான் இருக்கும். ஆறு அகன்று பரவும் இடத்தைத் தேடுங்கள். முதுகுப்பையின் இடுப்பு வாரையும் மார்பு வாரையும் கழற்றிவிட்டு, கைத்தடியை ஊன்றி, நீர் வரும் திசையைப் பார்த்தபடி பக்கவாட்டில் அடிமேல் அடி வைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: மேற்கண்ட பதிலில் காலணியைக் கழற்ற வேண்டும் என்பதை விட்டுவிட்டீர்கள். பாசிப் பாறையில் வெறுங்கால்தான் பிடிக்கும் என்பது எங்கள் அனுபவம்.

பதில்: நான் மறந்து விடவில்லை, வேண்டுமென்றேதான் விட்டேன். பாசியின் மீது வழுக்குவதற்குக் காரணம், உங்கள் கால் பாறையைத் தொடுவதே இல்லை என்பதுதான். இடையிலிருக்கும் வழவழப்பான படலத்தின் மீது தோலும் வழுக்கும், ரப்பரும் வழுக்கும். வெறுங்காலில் விரல்களால் தடவி அறியலாம் என்பது உண்மை, ஆனால் குளிர்ந்த நீரில் மூன்று நிமிடம் நின்றபின் அந்த விரல்களுக்கு உணர்வே இருக்காது. உள்ளங்காலை உடைந்த கண்ணாடி கிழித்துவிட்டால், மீதி ஏழு கிலோமீட்டரை நீங்கள் எதைக் கொண்டு நடப்பீர்கள்?

கேள்வி: அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நனைந்த காலணியோடு நடந்தால் கொப்புளம் வருமே?

பதில்: வரும். அதற்கு வழி இருக்கிறது. கரையில் உட்கார்ந்து காலுறையையும் காலணியின் உள்மெத்தையையும் உருவிப் பைக்குள் வையுங்கள். வெறும் காலணியை மாட்டிக்கொண்டு கடங்கள். அக்கரையில் காலணியைக் கவிழ்த்து உதறி, காலைத் துடைத்து, உலர்ந்த மெத்தையையும் காலுறையையும் போட்டுக்கொள்ளுங்கள். கொஞ்சம் ஈரம் இருக்கும், கொப்புளம் பெரும்பாலும் வராது.

கேள்வி: முதலில் வெறுங்காலைப் பற்றி எழுதியவன் நான்தான். ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவர்கள் வெறுங்காலோடு ஓடியே கடக்கிறார்கள். உங்கள் விதி அவர்களுக்குத் தெரியாதே?

பதில்: அவர்கள் எல்லா ஆற்றையும் கடப்பதில்லை, தம் துறையைத்தான் கடக்கிறார்கள். எந்தக் கல் ஆடும், எந்தக் கல் நிற்கும் என்பதை ஐந்து வயதிலிருந்து அறிந்தவர்கள், உள்ளங்காலும் அதற்கேற்பக் காய்த்துப்போனவர்கள். உங்கள் பாதமும் அத்தகையது, ஆறும் உங்கள் ஆறு என்றால் நான் வாதாடவில்லை. ஒரு விஷயத்தில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன்: அடி தேய்ந்து வழவழத்த காலணியும் கெட்டியான பிளாஸ்டிக் செருப்பும் வெறுங்காலைவிட மோசமானவை. மேற்கொண்டு இதைப் பற்றி வந்த ஆறு கடிதங்களுக்கும் இதுவே பதில்.

விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று இந்தச் சண்டையில் ஒருவரும் கேட்கவில்லை. ஓட்டத்தில் எழுந்து நிற்க முயலாதீர்கள், கற்களுக்கிடையே பாதம் மாட்டிக்கொண்டால் நீர் உங்களை முன்னால் மடித்து அமுக்கிவிடும். மல்லாந்து, கால்களை ஓட்டத்தின் திசையில் மேலே தூக்கி வைத்து, கையால் துழாவிக் கரை ஒதுங்குங்கள்.

கேள்வி: எனக்கு நன்றாக நீச்சல் தெரியும். அப்போதும் கசத்தில் குளிக்கக் கூடாதா?

பதில்: மேலே சொன்ன சுழலுக்கு உங்கள் நீச்சல் தெரியாது. கூடவே குளிர்ச்சியும் சேர்கிறது. மிகக் குளிர்ந்த நீரில் திடீரென விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு உங்கள் வசத்தில் இருக்காது, தலை நீருக்குள் இருக்கும்போது அந்த முதல் திணறல் வந்தால் நீச்சலுக்கே வேலையில்லை.

கேள்வி: அட்டை கடித்தால் உப்புப் போடலாமா?

பதில்: வேண்டாம். நகத்தால் அதன் மெல்லிய முனையைத் தோலிலிருந்து நெம்பிவிட்டு, கழுவிக் கட்டுங்கள்.

கேள்வி: அருவி ஏன் அந்த இடத்தில் மட்டும் உண்டாகிறது? நடைக்குத் தொடர்பில்லாத கேள்வி என்றால் மன்னிக்கவும்.

பதில்: மன்னிக்க ஒன்றுமில்லை, இன்று வந்ததில் எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். பல அருவிகளில் மேலே கடினமான பாறை அடுக்கும் கீழே மென்மையான அடுக்கும் இருக்கும். விழும் நீரும் தெறிப்பும் கீழடுக்கை அரித்துக் குடைந்துவிட, மேலடுக்கு கூரைபோல் நீட்டிக்கொண்டு நிற்கிறது. தாங்குவதற்கு ஒன்றும் இல்லாத நிலை வரும்போது அது உடைந்து விழுகிறது, அருவி ஓரடி பின்னால் போகிறது. நயாகரா இப்படியே சுமார் பன்னிரண்டாயிரம் ஆண்டுகளில் ஏறக்குறைய பதினோரு கிலோமீட்டர் பின்வாங்கியிருக்கிறது. அங்கே 1954-ஆம் ஆண்டு ஜூலையில் பிராஸ்பெக்ட் பாயின்ட் என்ற காட்சிமுனையின் பெரும்பகுதி பெயர்ந்து கீழே சரிந்தது.

இது நடைக்கு மிகவும் தொடர்புள்ள செய்தி. அருவியின் தலைப்பில், வேலிக்கு அப்பால் நிற்பவர் தாம் திடமான பாறையில் நிற்பதாக நினைக்கிறார், அவர் நிற்பது கூரையின் நுனியில். பின்புறக் குடைவுக்குள் நுழைபவர் நிற்பது அதே கூரையின் கீழ்.

கேள்வி: ஆற்று நீரைக் குடிக்கலாமா?

பதில்: கொதிக்க வைத்தபின் குடிக்கலாம். நன்றாகக் கொதி வந்தபின் ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேலுள்ள இடமானால் மூன்று நிமிடம். தெளிவாக இருப்பது சுத்தத்துக்குச் சான்றாகாது.

கேள்வி: முழங்கால் அறுவை செய்து நான்கு மாதம் ஆகிறது, நடக்கலாமா?

பதில்: அறுவை செய்த மருத்துவரைக் கேளுங்கள், 450 மீட்டர் இறங்கி ஏற வேண்டும் என்பதைச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: குழந்தைகளாவது ஓரமாக, அருவிக்குக் கீழே…

பதில்: இரண்டாம் கேள்வியைப் படியுங்கள்.

கேள்வி: கைபேசி இருக்கிறதே, வழி தவறினால் அழைத்துக்கொள்ளலாம் அல்லவா?

பதில்: பள்ளத்தாக்கின் சுவர்கள் சமிக்ஞையை மறைத்துவிடும். எந்த வழியாகப் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், அதற்குள் வராவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதை வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். வரைபடத்தை முன்கூட்டியே கைபேசியில் இறக்கிவைத்து, விமானப் பயன்முறையில் போட்டுவிட்டால் மின்கலம் மாலைவரை நிற்கும். ஆளுக்கொரு விசில் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அருவியின் இரைச்சலில் பத்தடிக்கு அப்பால் மனிதக் குரல் எடுபடாது. நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊதுவது மலைப்பகுதிகளில் பழக்கத்திலுள்ள, உதவி கேட்கும் அடையாளம்.

கேள்வி: முதல் கேள்வியைக் கேட்டவன் நான். 1.45 ஆகும்போது நாங்கள் இன்னும் அருவியை அடையவில்லை, ஆனால் ஓசை கேட்கிறது, பத்து நிமிடம்தான் இருக்கும் என்றால் என்ன செய்வது?

பதில்: திரும்புங்கள். ஓசை பள்ளத்தாக்கில் வெகுதூரம் வரும், அதைக் கொண்டு தூரத்தை அளக்க முடியாது. பத்து நிமிடம் என்பது போக மட்டும்தான், வர இன்னொரு பத்தும், அங்கே போனபின் யாரும் உடனே கிளம்பாத அரைமணியும் சேரும். அடுத்த முறை ஏழரைக்குக் கிளம்புங்கள்.