1656-ஆ, 1883-ஆ? ஹார்லெம் நாளிதழை எப்படிக் குறிப்பிடுவது

கேள்வி: டச்சுக்காரர் காலத்து நாகப்பட்டினம் பற்றி ஆய்வு செய்கிறேன். 1685ஆம் ஆண்டு, நெதர்லாந்தின் ஹார்லெம் நகரச் செய்தித்தாள் ஒன்றை மேற்கோள் காட்ட வேண்டும். இன்றைய ‘ஹார்லெம்ஸ் டாக்பிளாட்’ தன்னை 1656இல் பிறந்ததாகச் சொல்கிறது. வேறிடத்தில் 1883 என்று இருக்கிறது. எந்தப் பெயரை, எந்த ஆண்டை எழுதுவது?

பதில்: இரண்டு ஆண்டும் சரிதான். ஆனால் அவை இரண்டு பத்திரிகைகளுடையவை.

1656 ஜனவரி 8 அன்று ஆபிரகாம் காஸ்டெலைன் ஹார்லெமில் ஒரு வாரத்தாளைத் தொடங்கினார். ஐரோப்பியச் செய்திகளுக்கான தாள் அது. முதல் பெயரில் ஹார்லெமே கிடையாது. சில ஆண்டுகளில் அது ‘ஓப்ரெக்தே ஹார்லெம்சே கூரான்ட்’ ஆனது. 1681இல் அவர் இறந்ததும் மனைவி மார்கரெத்தா ஃபான் பாங்கன் பொறுப்பேற்று நடத்தினார். அதனால் உங்கள் இதழின் அடியில் ‘காஸ்டெலைனின் விதவை’ என்று அச்சிட்டிருந்தால் குழம்ப வேண்டாம், அவர்தான். 1737இல் பத்திரிகை என்ஸ்கெடே குடும்பத்துக்குப் போனது. பிற்காலத்தில் நெதர்லாந்தின் பண நோட்டு, அதாவது கில்டர் நோட்டு அடித்த அதே அச்சகக் குடும்பம்.

‘ஹார்லெம்ஸ் டாக்பிளாட்’ 1883இல் அதே ஊரில் தனியாகத் தொடங்கிய நாளிதழ். 1942இல், ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது, பழைய பத்திரிகையைக் கட்டாயப்படுத்தி இதனுடன் இணைத்தார்கள். 1656 என்ற பெருமை இதற்கு வந்த வழி அதுதான். பொய் என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் தாராளமான வாரிசுரிமை. 1752 முதல் ஒரே பெயரில் வரும் இன்னொரு டச்சு நாளிதழான ‘லேவார்டர் கூரான்ட்’ காரர்கள் இதைக் கேட்டால் சிரிக்கத்தான் செய்வார்கள்.

சரி, அடிக்குறிப்பில் என்ன எழுதுவது? அந்த இதழின் தலைப்பில் உள்ள பெயரை அதே எழுத்துக்கூட்டலில் எழுதி, ஊரையும் தேதியையும் சேருங்கள். இன்றைய பெயரை அங்கே கொண்டுவர வேண்டாம்.

வேறு இதழ்களும் தேவையென்றால் நெதர்லாந்து தேசிய நூலகத்தின் ‘டெல்ஃபர்’ தளத்தில் இலவசமாகத் தேடலாம். பழைய அச்செழுத்தைக் கணினி அடிக்கடி தவறாகப் படிக்கும். ஊர்ப்பெயரை நாலைந்து விதமாக எழுதிப் பாருங்கள், அப்புறம் தேதி வாரியாகவும் புரட்டுங்கள்.

தேதியில் ஒரு பொறி உண்டு. ஹாலந்து அப்போதே புதிய கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது. ஆங்கிலேயர் 1752 வரை மாறவில்லை. ஆகவே 1685இன் டச்சுத் தேதியைச் சென்னை ஜார்ஜ் கோட்டைப் பதிவோடு ஒப்பிடும்போது, ஆங்கிலத் தேதியுடன் 10 நாள் கூட்டிக்கொள்ளுங்கள். ஆங்கிலேயரின் பழைய ஆண்டு மார்ச் 25இல்தான் தொடங்கும் என்பதால், ஜனவரி முதல் அந்த நாள் வரையிலான பதிவுகளில் ஆண்டையும் சரிபார்த்துவிடுங்கள்.