படகை இழுத்தால் கியர்பாக்ஸ் கொதிக்கிறதே?

கேள்வி: என் டீசல் பிக்கப் ஆட்டோ கியர். படகு டிரெய்லரோடு கோலாலம்பூரிலிருந்து காராக் நெடுஞ்சாலையில் ஏறும்போது கியர் எண்ணெய்ச் சூட்டு விளக்கு எரிகிறது. 'டியூன்' (இன்ஜின் கணினியில் அமைப்பை மாற்றிச் சக்தியைக் கூட்டுவது) செய்தால் சரியாகும் என்கிறது பட்டறை. செய்யலாமா?
– வாசகர், செந்தூல்

பதில்: வேண்டாம். டியூன் செய்தால் டார்க், அதாவது இன்ஜினின் சுழற்றும் விசை, கூடும். கூடவே சூடும் கூடும். ஏற்றத்தில் கியர் மேலும் கீழும் மாறிக்கொண்டே இருந்தால், இன்ஜின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் பூட்டிக்கொள்ளாமல் வழுக்குகிறது. எண்ணெய் கொதிப்பது அதனால்தான். மேனுவல் மோடில் 3 அல்லது 4-இல் நிறுத்தி ஏறுங்கள். பணம் செலவழிப்பதென்றால் தனி ஆயில் கூலர் மாட்டுங்கள்: ரேடியேட்டருக்கு முன்னால், எண்ணெய் கியர்பாக்ஸுக்குத் திரும்பும் குழாயில். பழைய எண்ணெயையும் மாற்றிவிடுங்கள். கையேடு சொல்லும் ரகம் மட்டுமே, கலப்படம் கூடாது.

விளக்கு எரிந்தால் ஓரங்கட்டி 'பி'யில் போடுங்கள். இன்ஜினை அணைக்காதீர்கள், எண்ணெய் சுற்றினால்தான் ஆறும்.

டிரெய்லர் எடையில் சுமார் 10 விழுக்காடு கொக்கியில் இறங்க வேண்டும்: 1,000 கிலோவுக்கு 100. குறைந்தால் டிரெய்லர் வாலாட்டும். அதிகமானால் முன்சக்கரம் பிடி இழக்கும். பலர் இதை அளப்பதே இல்லை! டிரெய்லரின் கொக்கி முனையைத் தாங்க வைத்துப் பார்க்க வீட்டு எடைமெஷினே போதும். டீசல் வண்டி என்பதால் இன்னொன்று: மலேசிய டீசலில் பாமாயில் கலப்பு உண்டு, அது ஈரத்தை இழுக்கும். டீசல் ஃபில்டரின் அடித்திருகைத் திறந்து அவ்வப்போது நீரை வடித்துவிடுங்கள்.