தேறியதும் இன்ஹேலரை நிறுத்தலாமா?

கேள்வி: மேலூர் பக்கம் இருக்கிறோம் டாக்டர். அம்மாவுக்கு 58 வயது. சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு. 30 வருடமாக விறகடுப்பில் இட்லிக் கடை நடத்துகிறார். ஒரு டாக்டர் ஆஸ்துமா என்கிறார், இன்னொருவர் சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழாய் நிரந்தரமாகக் குறுகும் நோய்) என்கிறார். ஒரே வருடத்தில் 3 முறை மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தேறியதும், பழகிவிடும் என்று இன்ஹேலரை நிறுத்திவிடுகிறார். என்ன செய்வது?

பதில்: இரண்டு டாக்டர்கள் சொன்னதும் சரியாக இருக்கலாம். சின்ன வயது வீசிங் ஆஸ்துமா பக்கம் கை காட்டுகிறது. விறகுப் புகை மூச்சுக்குழாயை நிரந்தரமாகக் குறுக்கிவிடும். பீடி, சிகரெட் தொடாத பெண்களுக்கும் சி.ஓ.பி.டி. வருவது இப்படித்தான். இரண்டும் சேர்ந்தவர்களுக்குப் பொதுவாக மூச்சு முட்டலும் அடிக்கடி வரும். மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனையில் காட்டி, ஸ்பைரோமெட்ரி (நுரையீரலின் திறனை ஊதி அளக்கும் சோதனை) ஊதிப் பார்த்துவிடுங்கள்.

இன்ஹேலர் விஷயத்துக்கு வருகிறேன். தினமும் இழுக்கச் சொல்லும் இன்ஹேலரில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். அந்தப் பெயரைக் கேட்டுத்தான் பலரும் பயப்படுகிறார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு இழுப்பில் வருவது 200 மைக்ரோகிராம் போல. மூச்சு முட்டிச் சேர்த்தால் வழக்கமாகத் தரும் பிரட்னிசலோன் மாத்திரை நாளுக்கு 40 மில்லிகிராம், 5 நாளுக்கு. ஒரு மில்லிகிராம் என்பது 1,000 மைக்ரோகிராம். சின்ன அளவுக்குப் பயந்து அம்மா பெரிய அளவை வாங்கிக்கொள்கிறார். சர்க்கரை ஏறுவதும் எலும்பு தேய்வதும் பெரும்பாலும் அடிக்கடி சாப்பிடும் அந்த மாத்திரையால்தான். மெடிக்கலில் வாங்கும் செட் மாத்திரையிலும் ஸ்டீராய்டு இருக்கலாம், வேண்டவே வேண்டாம்.

வீசிங் நின்றாலும் மூச்சுக்குழாயின் உள்வீக்கம் தணிந்திருக்காது. அதனால் நன்றாக இருக்கும் நாளிலும் இழுக்க வேண்டும். ஸ்பேசர் (இன்ஹேலரில் மாட்டும் குடுவை) வைத்து இழுத்து, அப்புறம் வாய் கொப்பளித்துத் துப்பினால் வாய்ப்புண் வருவது குறையும். யாராவது ஸ்டீராய்டு இல்லாத இன்ஹேலருக்கு மாற்றினால், சின்ன வயது வீசிங்கை மறக்காமல் சொல்லுங்கள். ஆஸ்துமா உள்ளவருக்கு நீண்ட நேரம் குழாயை விரிக்கும் மருந்தைத் தனியாகத் தருவது ஆபத்து.

மூச்சு முட்டல் திடீரென்று வருவதுபோல் தெரியும். பெரும்பாலும் ஓரிரு நாள் முன்பே சளிக் காய்ச்சல், ராத்திரி இருமல், நீல இன்ஹேலரை (குழாயை உடனே விரிப்பது) அடிக்கடி தேடுவது என்று தொடங்கியிருக்கும். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். சளி மஞ்சளாகி, அளவும் கூடினால்தான் ஆன்டிபயாட்டிக் பற்றி யோசிப்போம். பேச முடியாமல் திணறினால், உதடு நீலம் பாய்ந்தால் 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை நீல இன்ஹேலரை ஸ்பேசரில் ஒவ்வொரு பஃப்பாக 4 முறை கொடுத்து, 20 நிமிடம் கழித்து மறுபடி கொடுக்கலாம். ஆஸ்பத்திரியில் சி.ஓ.பி.டி. இருக்கலாம் என்று சொல்லிவிடுங்கள், அந்த நோயாளிகளுக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் அளவை 88 முதல் 92 சதவீதத்துக்குள் வைப்போம், அதிகம் ஏற்றினால் கரியமில வாயு தேங்கும்.

அடுப்பை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அது உங்கள் வீட்டின் சோறு. ஆனால் மார்கழிப் பனி இறங்கும் முன் கேஸுக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் அடுப்பை வெளிக்காற்றில் வைத்து, ஊதும் வேலையை வேறு யாராவது செய்யட்டும். வருடாவருடம் ஃப்ளூ தடுப்பூசியும் போட்டுவிடுங்கள்.