கோபன்ஹேகன், ஸ்டாக்ஹோம்: குடும்பத்தோடு கிளம்புகிறவர்களின் கேள்விகள்

பள்ளி விடுமுறை நெருங்குவதால் இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டென்மார்க்கின் கோபன்ஹேகன், ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் என்ற இந்த இரண்டு ஊர்களைப் பற்றித்தான். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

ஏப்ரல் கடைசியில்தான் பிள்ளைகளுக்கு லீவு. வசந்த காலம் என்பதால் ஸ்வெட்டர் மட்டும் போதுமா? (திருச்சி)

போதாது. பகலில் பத்துப் பன்னிரண்டு டிகிரி இருக்கும், விடியற்காலையில் இரண்டு மூன்றுக்கு இறங்கிவிடும். மே நடுவில் பகலில் பதினாறு வரை ஏறும். ஊட்டியில் பார்க்காத குளிரா என்று நினைக்காதீர்கள், உங்களை வாட்டப்போவது காற்று. கோபன்ஹேகனில் கடற்காற்று தடுப்பில்லாமல் வீசும். உள்ளே தெர்மல், நடுவில் ஸ்வெட்டர், மேலே காற்றும் மழையும் புகாத மெல்லிய ஜாக்கெட், இப்படி அடுக்காகப் போடுங்கள். பிள்ளைகளுக்குக் காது மூடும் குல்லா கட்டாயம்.

எந்த ஊருக்கு முதலில் போவது? (சேலம்)

ஏப்ரல் என்றால் கோபன்ஹேகன், ஸ்டாக்ஹோமைவிடக் கொஞ்சம் முன்னதாக வெயில் வரும் ஊர். மே என்றால் எதுவானாலும் சரி.

மே மாதம் ஸ்டாக்ஹோமில் நள்ளிரவுச் சூரியனையும் வடதுருவ ஒளியையும் ஒரே பயணத்தில் பார்க்க எத்தனை நாள் வேண்டும்? (கோவை)

இரண்டையும் பார்க்க முடியாது. நள்ளிரவுச் சூரியனுக்கு ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி வடக்கே போக வேண்டும், ஸ்டாக்ஹோம் அதற்கு வெகு தெற்கே இருக்கிறது. துருவ ஒளிக்கு நல்ல இருட்டு வேண்டும், மே மாதத்தில் அங்கே சூரியன் மறையவே இரவு ஒன்பது ஆகிறது. டிக்கெட் போடுவதற்கு முன் வரைபடத்தை ஒருமுறையாவது பாருங்கள். விடியற்காலை நாலரைக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடுவதால், அறையில் கனத்த திரை உண்டா என்று ஹோட்டலில் கேளுங்கள். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இதுதான் உபயோகமான கேள்வி.

ஸ்வீடனில் ஆறு இரவு, டென்மார்க்கில் மூன்று இரவு. ஸ்வீடனுக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவில்லை. டென்மார்க்கில் அதிக நாள் தங்குவதாகக் காட்டி விசா வாங்கிவிட்டு அப்புறம் ஹோட்டலை மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் ஏஜென்ட். செய்யலாமா? (சென்னை)

செய்யவே கூடாது. எத்தனை தடவை எழுதினாலும் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது, ஒவ்வொரு முறையும் பின்னால் ஒரு ஏஜென்ட் இருக்கிறார். ஷெங்கன், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு, அதன் விதி தெளிவானது: எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பம்; நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. உங்கள் கணக்கில் அது ஸ்வீடன்தான். பொய்த் திட்டம் காட்டி வாங்கிய விசாவோடு போய் இறங்கினால், எல்லையில் அதிகாரி ஹோட்டல் பதிவைக் கேட்கலாம், விசாவை அங்கேயே ரத்தும் செய்யலாம். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் இரண்டு பிள்ளைகளோடு விசாரணை அறையில் உட்கார்ந்திருக்கப் போவது நீங்கள்தான், ஏஜென்ட் இல்லை. நிராகரிப்போ ரத்தோ, அது ஷெங்கன் நாடுகளின் பொதுத் தரவுத்தளத்தில் ஐந்து ஆண்டுகள் இருக்கும். பிள்ளைகளுக்கும் தனித்தனி விண்ணப்பம் என்பதால் அவர்கள் பேரிலும் பதிவாகும். நாளைக்கு மகள் ஜெர்மனியில் படிக்க விண்ணப்பிக்கும்போது இது முன்னால் வந்து நிற்பதை ஏன் நீங்களே ஏற்படுத்த வேண்டும்?

நேர்மையான வழி இருக்கிறது. நிஜமாகவே திட்டத்தை மாற்றுங்கள். கோபன்ஹேகனில் ஐந்து இரவு, ஸ்டாக்ஹோமில் நான்கு என்று வைத்து, டென்மார்க்குக்கு விண்ணப்பித்து, அப்படியே போய் வாருங்கள். கோபன்ஹேகனில் ஐந்து நாள் அதிகமே இல்லை. ஒரு நாள் ரயிலில் முக்கால் மணி நேரம் போனால் ஹெல்சிங்கோரில் குரோன்போர்க் கோட்டை, இன்னொரு நாள் அதே தடத்தில் லூயிசியானா கலைக்கூடம், அங்கே பதினெட்டு வயதுக்குள் கட்டணமே கிடையாது. ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால் மார்ச்சில் அப்பாயின்ட்மென்ட் இல்லை என்று புலம்புவதற்குப் பதில் டிசம்பரிலேயே தொடங்குங்கள். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறிலிருந்து பதினோரு வயது வரை 45, அதற்குக் கீழே இலவசம். நிராகரித்தால் பணம் திரும்பாது. விசா கையில் வரும் முன் ரத்து செய்ய முடியாத விமான டிக்கெட் வாங்காதீர்கள். ஒழுங்காகப் போய்வந்தால் பலனும் உண்டு: மூன்று ஆண்டுக்குள் இரண்டு ஷெங்கன் விசாக்களை முறையாகப் பயன்படுத்திய இந்தியர்களுக்கு இரண்டு ஆண்டு விசா தர 2024-ல் விதி வந்திருக்கிறது.

இரண்டு ஊருக்கும் நடுவே ரயிலா, விமானமா? (பெங்களூரு)

ரயில். ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். விமானம் ஒரு மணி நேரம்தான், ஆனால் போக, வர, காத்திருக்க என்று கூட்டினால் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு நாட்டையும் இணைக்க 2000-ல் திறந்த ஓரெசுண்ட் பாலத்தைக் கடந்துபோவதே பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் புதைக்காதீர்கள், எல்லையில் கேட்கலாம்.

மார்ச் முதல் வாரம் கோபன்ஹேகனின் டிவோலி கேளிக்கைப் பூங்காவுக்குப் போகலாமா? கடற்கன்னிச் சிலை பார்க்க வேண்டியதுதானா? (நாகர்கோவில்)

மார்ச் தொடக்கத்தில் டிவோலி மூடியிருக்கும், மாதக் கடைசி வாக்கில்தான் சீசன் தொடங்கும். தேதியைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். நுழைவுச் சீட்டு வேறு, ராட்டினங்களுக்குக் கட்டணம் வேறு, வாசலில் போய்த் திகைக்காதீர்கள். 1914-லிருந்து ஓடும் மர ரோலர் கோஸ்டரில் பிரேக் பிடிக்க ஆள் கூடவே உட்கார்ந்து வருவார், அதில் ஏறாமல் திரும்பாதீர்கள். சிலை ஒன்றேகால் மீட்டர்தான். அதற்காக மட்டும் போனால் ஏமாற்றம். ஏப்ரல் பின்பாதியில் பக்கத்திலேயே லாங்கெலினியில் செர்ரி மரங்கள் பூத்திருக்கும், அதோடு சேர்த்துப் பாருங்கள். அங்கேயும் காற்று உண்டு, குல்லாவை மறக்காதீர்கள்.

நெய், பால்கோவா, கறிவேப்பிலை கொண்டுபோகலாமா? (ஸ்ரீவில்லிபுத்தூர்)

மூன்றும் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால், இறைச்சிப் பொருள்களைப் பையில் கொண்டுவரத் தடை, பச்சை இலைக்குச் சான்றிதழ் வேண்டும். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் போதும். சமையலறை உள்ள அறையாகப் பிடியுங்கள். ஸ்டாக்ஹோமில் எந்தக் கடையிலும் ஃபில்மியோல்க் என்று புளித்த பால் கிடைக்கும், தயிர் சாதத்துக்கு அருமையாக ஒத்துவரும்.

எழுபது தாண்டிய மாமியாரும் வருகிறார். ஸ்டாக்ஹோமில் அவருக்கு என்ன இருக்கிறது? (தஞ்சாவூர்)

வாசா அருங்காட்சியகம், சந்தேகமே வேண்டாம். 1628-ல் முதல் பயணத்திலேயே துறைமுகத்துக்குள் மூழ்கி, 1961-ல் தூக்கி எடுக்கப்பட்ட போர்க்கப்பல், ஏறக்குறைய முழுசாக நிற்கிறது. எல்லா மாடிக்கும் லிஃப்ட் உண்டு, பதினெட்டு வயதுக்குள் இலவசம். ஏப்ரல் 30 அங்கே இருந்தால் சாயங்காலம் பக்கத்திலேயே ஸ்கான்சென் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் சொக்கப்பனை மாதிரி பெரிய நெருப்பு மூட்டி வசந்தத்தை வரவேற்பார்கள், அவருக்குப் பிடிக்கும். பழைய நகரப் பகுதியான காம்லா ஸ்டான் முழுக்கக் கரடுமுரடான கல் பதித்த தெரு, மூட்டுவலி இருந்தால் அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

எவ்வளவு ரொக்கம் எடுத்துப்போவது? யூரோவா? (ஈரோடு)

யூரோ வேண்டாம், இரண்டு நாட்டிலும் வேறு வேறு குரோனா. ரொக்கமும் அனேகமாக வேண்டாம், ஸ்டாக்ஹோமில் பல கடைகள் வாங்குவதே இல்லை. வெளிநாட்டுப் பயன்பாடு திறந்துவிடப்பட்ட இரண்டு கார்டுகள் வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் ரூபாயா குரோனாவா என்று கேட்டால் குரோனா என்றே அழுத்துங்கள், ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் அடித்துவிடுவார்கள்.

கோபன்ஹேகனிலிருந்து பிராண்டெ அபிராமி அம்மன் கோயிலுக்குக் காலையில் போய் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பலாமா? (யாழ்ப்பாணம்)

முடியாது. பிராண்டெ டென்மார்க்கின் மேற்குத் தீபகற்பமான ஜட்லாந்தின் நடுவில் இருக்கிறது, ஒரு வழிக்கே மூன்று மணி நேரம். முழு நாள் ஒதுக்குங்கள், கோயில் திறந்திருக்கும் நேரத்தை முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஸ்டேஷனுக்கு நடக்கும்போது சைக்கிள் பாதையில் பெட்டியை வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். பிள்ளைகளின் கையை விடவே விடாதீர்கள், அங்கே சைக்கிள்கள் வேகமாக வரும்.